மாடியின் நிழல்

நகராட்சி அனுமதி கிடைத்ததுமே சுபன்சா மாடியறை எழுப்பத் தொடங்கிவிட்டாள். மருமகளுக்கு இன்னும் மூன்று வாரத்தில் பிரசவம். பாங்காக்கிலிருந்து பிள்ளையோடு வந்து அவள் தங்கப்போவது அந்த அறையில்தான்.

சுவர் எழும்பிய அன்று மதியம் ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்றார்.

"உன் மாடி நிழல் என் வீட்டு மேல விழுதும்மா."

"கொளுத்துற வெயிலுக்கு நல்லதுதானே பெரியவரே!" என்று சிரித்தாள் சுபன்சா.

"எங்களுக்கு அது ஆகாது. கட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"அக்கம்பக்கத்துல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கியாச்சே."

"என்கிட்ட வாங்கலையே."

"உங்களைப் பாத்ததே இல்லை. எது உங்க வீடு?"

"தினமும் என் வாசல்ல ஊதுபத்தி ஏத்தி, சிவப்பு சோடா வைக்கிறே. அந்த நன்றிக்குத்தான் சொல்லிட்டுப் போறேன். பிறக்கப்போற பிள்ளைக்கு இனி நீதான் காவல்."

சுபன்சா தோட்டத்து மூலையைப் பார்த்தாள். குடும்பத்தைக் காக்கும் ஆவிக்கென்று ஒற்றைத் தூணின்மேல் கட்டிய குட்டி வீடு, நிழலில் கறுத்துக் கிடந்தது. திரும்பினால், வாசலில் யாருமில்லை.

"சுவரை இடிங்க! இப்பவே இடிங்க!" என்று மேலே பார்த்துக் கத்தினாள்.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "இடிக்கவும் நகராட்சி அனுமதி வேணும்க்கா. வர ரெண்டு மாசம் ஆகும்."