பஞ்சுக்குச்சி

"கன்னத்துக்குள்ள தேய்ச்சு வீட்டுலேருந்து கொண்டுவந்தீங்களே, அந்தப் பஞ்சுக்குச்சியில மரபணு கன்னாபின்னான்னு உடைஞ்சிருக்கு. இனிமே நிலக்கரி பக்கமே போகக் கூடாது," என்றார் கம்பெனி டாக்டர்.

தெம்பாக வந்திருந்த சுரங்கத் தொழிலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இருக்கவே முடியாது சார்!"

"இருபது வருஷத் தூசி சும்மா விடுமா?"

தொழிலாளி எழுந்து வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

வீட்டில், பக்கத்து வீட்டுக்காரி திட்டுவாளென்று கதவைச் சாத்திக்கொண்டு, வழக்கம்போல அவருடைய வேலைச் சட்டையை உதறிக்கொண்டிருந்தாள் மனைவி. அறை முழுக்கக் கரிப்புழுதி.

"என்னங்க, வேலை தப்பிச்சுதா? குச்சியை என் வாயில தேய்ச்சுக் குடுத்ததைக் கண்டுபிடிச்சுட்டாரா?"

"இல்ல," என்றார். "சட்டையைக் கீழ போடு. உன்னை இனிமே நிலக்கரி பக்கமே போகக் கூடாதுன்னுட்டாரு."