சுதாஜினியின் சமையல் நாள்

“வாசலில பள்ளிக்கூடம் இருக்க, காட்டுப் பாதையால மூண்டு மைல் சைக்கிள் உழக்கிப் பிள்ளையை வேற பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோறாள் அந்தச் சுதாஜினி. திமிர் இல்லாம வேற என்ன?”

பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் கணபதி இப்படிக் கேட்டபோது முதலில் தலையாட்டியவள் ஜெயரூபிதான்.

அவளுடைய கவலை வேறு. ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று ரீச்சரை மாற்றப்போகிறார்களாம். மகள் தேனுகாவுக்கு இந்த வருடம்தான் புலமைப்பரிசில் சோதனை. அதே வகுப்பில் படித்த சுதாஜினியின் மகள் யதுர்ஷிகா திரும்பி வந்தால் கணக்குச் சரி, ரீச்சரும் இங்கேயே நிற்பா.

“ஒரே ஒழுங்கையில இருக்கிறனியள் தங்கச்சி, நீங்கள்தான் கதைக்கவேணும்” என்றார் கணபதி. “நாளைக்கே முடிவு தெரியவேணும். மலையகத்தில இருந்து உடுத்த உடுப்போட வந்த சனம். எங்கட பள்ளிக்கூடம் அவைக்குப் போதாதாமோ?”

மறுநாள் விடியப் போனால் சுதாஜினியின் படலை பூட்டியிருந்தது.

“இண்டைக்குப் பிள்ளையின்ர பள்ளிக்கூடத்தில சத்துணவு சமைக்கிறது அவளின்ர முறை. இருட்டோட போயிட்டாள்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஜெயரூபியும் சைக்கிளை எடுத்தாள். வழியெல்லாம் யோசனை. யானை வந்தால் என்ன செய்வது, காற்றுப் போனால் என்ன செய்வது, அவள் மாட்டேன் என்றால் கணபதிக்கு என்ன சொல்வது?

அந்தப் பள்ளிக்கூடத்தைக் கண்டதும் சிரிப்புத்தான் வந்தது. தகரக் கூரை போட்ட இரண்டு கட்டடங்கள். மதில் இல்லை, கொம்பியூட்டர் அறை இல்லை. இதற்காகவா இந்த ஓட்டம்?

குசினியில் சுதாஜினி கிடாரத்துச் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“வாங்கோ அக்கா! என்ன இந்தப் பக்கம்? கொஞ்சம் பொறுங்கோ, பிள்ளையளுக்குக் குடுத்திட்டு வாறன்.”

மணி அடித்தது. பிள்ளைகள் பாயில் வரிசையாக இருந்தார்கள். எல்லோருக்கும் சோறும் பருப்பும் கீரையும் போட்டாயிற்று. ஒருவரும் கை வைக்கவில்லை.

ஒரு சின்னப் பிள்ளை ஒரு தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து சுதாஜினியிடம் நீட்டியது.

“அம்மா, நீங்கள் முதல்.”

சுதாஜினி வெட்கத்தோடு பாயில் இருந்தாள். பக்கத்திலேயே பள்ளிக்கூட அதிபர் நேசமலரும் தன் தட்டோடு சம்மணம் கொட்டி இருந்தா. அவவும் கை வைக்கவில்லை.

சுதாஜினி ஒரு வாய் சாப்பிட்டாள்.

“உப்புக் காணுமோ அம்மா?” என்று வரிசையிலிருந்து ஒரு குரல்.

“காணும் செல்லம், அளவாயிருக்கு. சாப்பிடுங்கோ!”

அதன் பிறகுதான் அத்தனை கைகளும் ஒன்றாகச் சோற்றில் இறங்கின.

ஜெயரூபி அப்படியே நின்றுவிட்டாள். ஒழுங்கையில் ஒருவரும் ‘வா, இரு’ என்று சொல்லாத ஒருத்தியின் ஒரு வாய்ச் சோற்றுக்காக ஒரு பள்ளிக்கூடமே பசியோடு காத்திருந்ததே! கோயில் தேர் முதன்முதல் அசையும்போது உடம்பு சிலிர்க்குமே, அப்படிச் சிலிர்த்தது அவளுக்கு.

“இதென்ன ரீச்சர் வழக்கம்?”

“ஆர் சமைச்சாலும் இஞ்ச இப்பிடித்தான்” என்றா நேசமலர், வாயில் சோற்றோடு. “நீங்களும் ஒரு தட்டு எடுங்கோ.”

ஜெயரூபி தட்டை எடுக்கவில்லை. சுதாஜினி கை கழுவியதும் அவளை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“சுதா, பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவா. ரீச்சரை மாத்தப் போகினம். தேனுகாவின்ர சோதனையும் வருது. எனக்கு நித்திரையே இல்லை. எங்கட பள்ளிக்கூடத்தில ஆர் உங்களை வேற மாதிரிப் பாத்தது, சொல்லு பாப்பம்?”

சுதாஜினி ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள்.

“தை மாதம் எனக்கு அங்கயும் சமையல் முறை வந்ததக்கா. இதே சோறு, இதே பருப்பு. பிள்ளையள் எல்லாம் வயித்து நோ எண்டு சொல்லிப்போட்டு வீட்டில கட்டிக் குடுத்த பாணைச் சாப்பிட்டுதுகள். ரீச்சர்மாருக்கு விரதமாம். முழுப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே நாளில வயித்து நோ!” சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. “யதுர்ஷிகா மட்டும் மூண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். பசியில இல்லையக்கா. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன் எண்டு. பின்னேரம் முழுக்க வாந்தி எடுத்தாள்.”

அந்த நாள் ஜெயரூபிக்கு நினைவிருந்தது. பாணும் சம்பலும் கட்டிக் கொடுத்து, “இண்டைக்கு அங்கத்தைச் சாப்பாட்டில கை வச்சியோ, தெரியும்!” என்று தேனுகாவை அனுப்பியவள் அவள்.

“சின்னனுகள்தானே... விளங்காமச் செய்திருக்குங்கள்” என்றாள், நிலத்தைப் பார்த்தபடி.

“சின்னனுகளில எனக்குக் கோபமில்லை. அதுக்குள்ள ஒரு பிள்ளை குசினிக்குப் பின்பக்கத்தால வந்து, தன்ர பாணை நாய்க்குப் போட்டிட்டு, ‘அன்ரி, எனக்குச் சோறு தாங்கோ’ எண்டு கேட்டு வாங்கி, தட்டை வழிச்சுச் சாப்பிட்டது. அந்த ஒரு பிள்ளைக்காகத்தான் இன்னும் ஒரு மாதம் அங்க விட்டுப் பாத்தனான்.”

“ஆரடி அந்தப் பிள்ளை?”

சுதாஜினி தயங்கினாள்.

“அடிக்க மாட்டன் எண்டு முதல் சொல்லுங்கோ.”

“மற்ற ஆக்களின்ர பிள்ளையை நான் ஏன் அடிக்கிறன்?”

“உங்கட தேனுகாதான் அக்கா.”