பெயின்ட் கடை மாடியில் வரி ஆபீஸ்

மச்சினன் வாய் நிறையப் பாராட்டியபோதே வருமான வரி ஆணையருக்குச் சந்தேகம் தட்டியது.

"பெயின்ட் கடை மாடியில புதுசா திறந்திருக்கீங்களே ஆபீஸ், பிரமாதம் மாமா! போனதும் நாற்காலி போட்டாங்க. ஒரே பக்க ஃபாரம், மூணே கேள்வி. பேரு, வருமானம், கையெழுத்து. வாழ்க்கையில முதல் தடவையா வரி கட்டிட்டேன்!"

ஆணையர் புது ஆபீஸ் எதையும் திறக்கவில்லை. அவருடைய அலுவலகத்தில் படிவம் அறுபத்து நான்கு பக்கம். நாற்காலி அதிகாரிகளுக்கு மட்டும். எவனோ போலி ஆபீஸ் வைத்து ஊரையே மொட்டை அடிக்கிறான்!

இந்த ஆண்டு அவருடைய வட்டாரத்தில் வசூல் இரண்டு மடங்கு. நாளை மறுநாள் பதவி உயர்வு ஆணை வருகிறது. இந்த நேரத்தில், அவர் கண்ணில் மண்ணைத் தூவி ஒருவன் வரி வாங்கிய கதை வெளியே தெரிந்தால் பதவி உயர்வு அம்பேல்.

இரண்டு போலீஸ்காரர்களோடு மாடி ஏறினார். படிக்கட்டு முழுக்க ஜனங்கள். வரி கட்டுவதற்கு இப்படி முண்டியடிக்கும் கூட்டத்தை இருபத்தைந்து வருட சர்வீஸில் அவர் பார்த்ததே இல்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

போலீஸ்காரர்களை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மேஜைக்குப் பின்னால் இருந்தவன் எழுந்து நின்றான். தெரிந்த முகம்.

"ஏன்யா, நீ நம்ம ஆபீஸ் கிளார்க்தானே? சட்டத்தைச் சுருக்கணும், ஃபாரத்தைக் குறைக்கணும்னு மனு மேல மனு போட்டுக் கழுத்தறுத்தியே!"

"ஆமா சார். குறைச்சா அரசாங்க வருமானம் படுத்துடும்னு நீங்கதான் கிழிச்சுப் போட்டீங்க. அதான் வேலையை விட்டுட்டு நானே செஞ்சு பார்த்தேன்."

"ஊரான் பணத்தையெல்லாம் எங்கேய்யா ஒளிச்சு வெச்சிருக்கே?"

அவன் அலமாரியைத் திறந்தான். கட்டுக் கட்டாக வங்கி ரசீதுகள்.

"அவங்கவங்க பேர்ல அன்னன்னிக்கே கஜானாவுல கட்டிட்டேன் சார். உங்க அறுபத்து நாலு பக்கத்தையும் நானே பூர்த்தி பண்ணி, தபால்ல உங்க ஆபீஸுக்கே அனுப்பிட்டேன். சலுகை, விலக்கு, கழிவுன்னு கேக்கற பக்கத்துல எல்லாம் 'இல்லை'ன்னு எழுதினேன். ஜனங்க அதையெல்லாம் கேக்கவே இல்லை. சீக்கிரம் விட்டாப் போதும்னாங்க. இந்த வருஷம் உங்களுக்குக் கூடுதலா வந்தது பூரா இதுதான் சார்."

ஆணையர் ரசீதுகளைப் புரட்டிப் பார்த்தார். நாளை மறுநாளை நினைத்துப் பார்த்தார். அடுத்த ஆண்டையும் நினைத்துப் பார்த்தார்.

"பொய் போர்டு மாட்டினது தப்புதான். இன்னிக்கே மூடிடறேன்" என்று அவன் இரண்டு கைகளையும் நீட்டினான்.

ஆணையர் கதவைத் திறந்து போலீஸ்காரர்களைக் கூப்பிட்டார்.

"ஒருத்தர் மேலே நில்லுங்க, ஒருத்தர் கீழே நில்லுங்க. வரிசை கலையாமப் பார்த்துக்கணும்!"