ஆவணத்துக்கு அடுத்த சொல்

ஆவணக் காப்பகத்தின் ஜன்னலில் நின்று பெரியவர் கெஞ்சினார். "தம்பி, என் சம்சாரம் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில கிடக்கா. எங்க கல்யாணப் பதிவோட நகல் இருந்தாத்தான் விசா தருவாங்களாம். கொஞ்சம் தேடிக் குடுங்க."

குமாஸ்தா எழவில்லை. எழுந்தால் நாற்காலி ஏங்கிவிடும் என்ற இரக்கம். மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த பதில்களின் பட்டியலைப் பார்த்தார்: 'ஆவணம் செல்லரித்தது, நனைந்தது, மக்கியது.'

"நேத்து வந்தவருக்குச் செல்லரிச்சுது. உங்களுக்கு நனைஞ்சுதுன்னு எழுதிடறேன் சார்."

"உள்ள போய் ஒரு தடவை பாருங்களேன், புண்ணியமாப் போகும்!"

"பார்த்தா கிடைச்சாலும் கிடைச்சிடும். பட்டியல்ல 'கிடைத்தது'ன்னு ஒரு வார்த்தையே இல்லையே சார்."

"சேர்த்துக்கக் கூடாதா?"

"நான் எப்படித் திருத்துறது? இந்தப் பட்டியலை எழுதிக் கையெழுத்தும் போட்டு, இந்த நாற்காலியில இருந்து ரிட்டையர் ஆனவரு நீங்கதானே!"