ஒரே ஒரு பச்சை

"கையை நீட்டுங்கோ. அந்தக் கை இல்லை. ஆடற கை."

ஸ்ரீரங்கன் வலது கையை நீட்டினார். காமு அந்தக் கறுப்புப் பட்டையை அவர் மணிக்கட்டில் சுற்றி மாட்டினாள். பார்ப்பதற்குக் கைக்கடிகாரம் போலிருக்கும். பார்க்கின்சன் நோயாளியின் நடுக்கத்தையும் நடையையும் வீட்டிலிருந்தபடியே அளந்து டாக்டருக்கு அனுப்பிவிடும்.

"இறுக்கறது காமு."

"இறுக்கட்டும். நாற்பது வருஷமா நான் தாலியைச் சுமக்கலையா? உங்களுக்கு இப்பத்தானே ஆரம்பம்."

அவர் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் முகத்தில் சிரிப்பு தெரிவதில்லை. தோள் குலுங்குவதை வைத்துக் காமு கண்டுகொள்வாள்.

சிட்லபாக்கத்து வீட்டில் ஒவ்வோர் அறை வாசலிலும் அவள் மாக்கோலத்தில் நாலைந்து நேர்கோடுகள் இழுத்து வைத்திருந்தாள். வெறும் தரையில் கால் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுபவர், கோட்டைக் கண்டால் தாண்டிவிடுவார். டாக்டர் கலர் டேப் ஒட்டத்தான் சொன்னார். "ஆத்துல அரிசிமாவு இருக்கறச்சே டேப் எதுக்கு?" என்று சொல்லிவிட்டாள்.

"டாக்டர் கம்ப்யூட்டர்ல எல்லா நாளும் சிவப்பாவே வரதாம். போன தடவையே டாக்டர் முகம் சரியில்லை," என்றாள். "இப்படியே போனா ஆபரேஷன்தான், மண்டையில துளை போட்டு ஒயர் வைக்கணும்னார்."

"நீ போட்ட துளையே போதாதா? பேசாம அது வழியாவே வைக்கச் சொல்லு."

"வாய்க்கு மட்டும் நடுக்கமே கிடையாது." அவள் எழுந்தாள். அவருக்குள் இருந்த பயம் அவளுக்குத் தெரியும். மூன்று மாதமாக அவர் தூக்கத்தில் அந்த ஆபரேஷனைப் பற்றித்தான் உளறுகிறார். "இருங்கோ, மாத்திரைக்கு வெந்நீர் கொண்டுவரேன்."

மாத்திரை நேரம் என்று பட்டை மணிக்கட்டில் மெல்ல அதிர்ந்தது.

* * *

மேற்குத் தாம்பரத்தில் கிளினிக் இரண்டாவது மாடியில் இருந்தது. வழக்கமாக அவரை அழைத்து வரும் ஆட்டோக்காரர் துரை, லிஃப்டில் ஏற்றி அறை வரை கொண்டுவந்துவிட்டார். அறை வாசலில் ஸ்ரீரங்கனின் கால்கள் நின்றுபோயின. துரை தன் காலைக் குறுக்கே நீட்டினார்.

"இன்னா சார் யோசிக்கிற? நம்ம காலுதான். தைரியமா தாண்டு."

தாண்டினார். நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, "கீழ வண்டியாண்ட நிக்கிறேன் சார். முடிச்சிகினு போன் போடு. நீயா எறங்கி வந்துடாத, பேஜாராயிடும்," என்று சொல்லிவிட்டு துரை போனார்.

டாக்டர் ஜெயஸ்ரீ கம்ப்யூட்டர் திரையை ஸ்ரீரங்கன் பக்கம் திருப்பினார்.

"மேடம் வரலையா சார்?"

"வரலை."

"பரவாயில்லை. இதை முதல்ல நீங்க பாருங்க."

நாளுக்கு ஒரு கட்டம். எல்லாம் சிவப்பு. நடுவில் ஒன்றே ஒன்று பச்சை.

"போன மாசம் ஒரு வியாழக்கிழமை. காலையில வீட்டிலேர்ந்து கிளம்பித் தெருவுக்குப் போயிட்டுத் திரும்பி வந்திருக்கீங்க. ஒரு இடத்துலகூடக் கால் ஒட்டலை. இந்த வேகத்துல போனா எனக்கே மூச்சு வாங்கும்."

ஸ்ரீரங்கன் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின்ல கோளாறுன்னுதான் நினைச்சேன். கம்பெனிக்காரங்களைக் கூப்பிட்டுக் கேட்டேன், எல்லாம் சரியா இருக்காம். அன்னிக்கு வேற யாராவது கட்டியிருந்தாங்களா?"

"இல்லை. நான்தான் கட்டிண்டிருந்தேன்."

"அப்படின்னா உங்க உடம்பால இது முடியும் சார். எதுனால முடிஞ்சுதுன்னு தெரிஞ்சா, தினமும் அதையே செய்யலாம். ஆபரேஷன் பேச்சையே விட்டுடலாம்." டாக்டர் பேனாவை எடுத்தார். "மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"போட்டுக்கலை."

பேனா நின்றது. "காலையில ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

"டிபன்?"

"சாப்பிடலை."

"ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?"

"எப்பவும் போலத்தான்."

"யோகா, மூச்சுப்பயிற்சி, யாராவது கொடுத்த நாட்டு மருந்து... எதுவா இருந்தாலும் சொல்லுங்க சார், திட்ட மாட்டேன். எங்க அம்மாவே எனக்குத் தெரியாம கஷாயம் குடிக்கறவங்கதான்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை டாக்டர்."

ஜெயஸ்ரீ நாற்காலியில் சாய்ந்தார். "அதுக்கப்புறம் கொஞ்ச நாள் நீங்க பட்டையே கட்டலை. திரும்பக் கட்டினதுலேர்ந்து பழையபடி சிவப்பு. முன்னைவிட மோசமாக்கூட இருக்கு. அந்த ஒரு காலை மட்டும்தான் எனக்குப் பிடிபடலை. மாத்திரை இல்லாம, சாப்பாடு இல்லாம, அவ்வளவு வேகமா எங்கதான் சார் போனீங்க?"

நோயால் தணிந்துபோன குரல் அவருடையது. டாக்டர் முன்னால் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"எங்க ஆத்துக்கு நாலு வீடு தள்ளி ஒரு டாக்டர் இருக்கார். அவரைக் கூட்டிண்டு வரப் போனேன்," என்றார் ஸ்ரீரங்கன். "காமு அடுக்களையில விழுந்துட்டா. நாங்க வந்து பார்க்கறச்சே மூச்சு இல்லை."

ஜெயஸ்ரீ மருந்துச் சீட்டைப் பக்கத்தில் இழுத்து, பழைய மாத்திரைகளையே பழைய அளவில் எழுதினார்.