அடிக்கடி நிற்கும் கார்

"இந்த ஓட்டை டப்பாவுக்குக் காட்டற அக்கறையில பாதியை எனக்குக் காட்டியிருந்தா, நான் இன்னும் பத்து வருஷம் சேர்த்து இருப்பேன் மாப்பிள்ளை," என்றார் மாமனார், பின் சீட்டிலிருந்து.

கார் மறுபடியும் நின்றுவிட்டிருந்தது. இந்தத் தடவை ஒரு பெட்ரோல் பங்க் வாசலில்.

முன் சீட்டிலிருந்த பத்திரிகைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கார் பத்திரிகைக்கு ஒப்பீட்டுக் கட்டுரை எழுத வந்தவர். ஒரே ஐரோப்பியக் கம்பெனியின் இரண்டு செடான். நாற்பது வயசுக் கார் பெரிய மாப்பிள்ளையுடையது. போன வருஷத்துக் கார் சின்ன மாப்பிள்ளையுடையது. மாமனாரை அவர் வீட்டில் கொண்டுபோய் விடுவதுதான் சோதனை ஓட்டம்.

பெரிய மாப்பிள்ளை இறங்கி பானெட்டைத் திறந்தார். "சூடாயிடுச்சு மாமா. கொஞ்ச நேரம் ஆகும்."

"ஆகாம என்ன பண்ணும். அதுவரைக்கும் நான் காலை நீட்டிட்டு வர்றேன்." மாமனார் பங்க்குக்குப் பின்பக்கம் நடந்தார்.

புதுக் கார் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி சத்தமில்லாமல் இறங்கியது.

"என்ன சகலை, உங்க கிழட்டு வண்டிக்கு மூச்சு வாங்குதா?" என்றார் சின்ன மாப்பிள்ளை. "பாருங்க சார், என் வண்டி ஒரு தடவை நின்னதில்ல. சீட்டே முதுகைப் பிடிச்சு விடும். ஆனா மாமா ஏற மாட்டார். தலை சுத்துதாம். திட்டிக்கிட்டே அதுலதான் போவார்."

பத்திரிகைக்காரர் மனசுக்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார். புதியது ஓட்டுவதற்கு, பழையது வேடிக்கை பார்ப்பதற்கு. வறட்டு ஜம்பத்துக்காக வயசானவரை இப்படி வழிநெடுக இழுத்தடிக்கிறாரே என்று பெரிய மாப்பிள்ளை மேல் எரிச்சலும் வந்தது.

மாமனார் திரும்பி வந்து உட்கார்ந்ததும் கார் சமர்த்தாகக் கிளம்பியது.

அவரை வீட்டில் இறக்கிவிட்ட பிறகு, "நான் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்றார் பத்திரிகைக்காரர், கடமைக்கு.

ஓட்டினார். மேடு, பள்ளம், மண்டை காயும் வெயில், ஊர்ந்து போகும் நெரிசல். கார் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு இருமல்கூட இல்லை.

"என்ன சார் இது? இப்ப ஒரு தடவைகூட நிக்கலையே."

"நிக்காது. என் கை படாத நட்டு இதுல கிடையாது."

"அப்ப காலையில?"

"கிளட்ச்சைப் பட்டுனு விட்டா எந்தக் காரும் நிக்கும். சகலை வண்டி ஆட்டோமேட்டிக், அதுல கிளட்ச்சே இல்ல, பாவம்."

"வேணும்னே நிறுத்தினீங்களா? எதுக்கு?"

பெரிய மாப்பிள்ளை காலியான பின் சீட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"மாமாவுக்கு இப்பல்லாம் ரொம்ப நேரம் அடக்க முடியல. மாப்பிள்ளைகிட்ட 'வண்டியை நிறுத்துங்க'ன்னு கேக்க வெக்கம். வண்டியே நின்னுட்டா அவர் எதுவும் கேக்க வேண்டாமில்ல?"

பத்திரிகைக்காரர் காரை ஓரம்கட்டினார். "நல்லவேளை சொன்னீங்க. நம்பி ஓட்டக்கூடிய கார்னு எழுதறேன்."

"ஐயையோ, வேண்டாம். அடிக்கடி நின்னு உயிரை வாங்கும்னே எழுதுங்க."

"பழைய கார் சேர்க்கிறவங்க மத்தியில உங்க மானம் போயிடும் சார்."

"என் மானம் போகட்டும். மாமா உங்க பத்திரிகையை ஒரு வரி விடாம படிப்பார்."