நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

“கலியவரதன் கபடிக்குப் புதுசுதான். ஆனா ஜில்லா டீமுக்கே ஆட வேண்டியவன்ணா. இன்னா ஓட்டம்!” என்றான் பச்சமுத்து.

“ஓட்டம் சரிடா. நடுக்கோட்டத் தாண்டி நம்ம பக்கம் வந்ததும் நின்னு திரும்புவானே, அது இன்னா பழக்கம்?” என்றார், வடக்கனந்தல் பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் தணிகாசலம்.

“கோட்டத் தாண்டிட்டா அப்புறம் எவன் தொட முடியும்?”

“எத்தினி வாட்டி சொன்னேன், நிக்காதடான்னு!”

பிணவறைக் கதவு திறந்தது. இருவரும் எழுந்தார்கள்.

நேற்று இடஒதுக்கீட்டு மறியலில் போலீஸ் துப்பாக்கியைத் தூக்கியதும், எல்லோரையும் முந்தி ஓடியவன் கலியவரதன்தான். வாய்க்காலைத் தாண்டி அக்கரை ஏறியதும் நின்று திரும்பியிருக்கிறான்.

குண்டு நெஞ்சில் பாய்ந்திருந்தது.

“தாண்டிட்டானேண்ணா...” என்றான் பச்சமுத்து.